ஐந்தாம் அத்தியாயத்துக்கு ஒரே ஓட்டு

எங்கள் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்துக்கு உரம் போட ஒரு முறை உண்டு. மரத்துக்கு இரண்டு டின். தண்டிலிருந்து நான்கடி தள்ளி, வட்டமாக, எல்லாப் பக்கமும் சமமாகத் தூவ வேண்டும். மேற்பார்வைக்கு வரும் மண்டோர் காலையில் இதைச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விடுவார். புகை மறைந்ததும் மற்றவர்கள் மூட்டையை அவிழ்த்து, கண்ணில் பட்ட மரத்தடியில் அள்ளிக் கொட்டி, மிச்சத்தைக் கால்வாயில் தள்ளிவிட்டுப் பதினோரு மணிக்கு வீட்டில் இருப்பார்கள். புனிதவதி அக்கா இரண்டு மணிக்கு வருவார். ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு டின், நான்கடி, வட்டம். மாத முடிவில் மண்டோரிடம் திட்டு வாங்கியது அவர் ஒருவர்தான். வேலையில் சுறுசுறுப்பு இல்லையாம்.

இது நான் பிறப்பதற்கு முன் நடந்தது. ஆனாலும் ஏழாங்கட்டை தோட்டத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். ஜெராம் பட்டணத்திலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில், செம்பனைக்கு நடுவே மிஞ்சியிருக்கும் இரண்டு வரிசை லய வீடுகள்தான் எங்கள் ஊர். அங்கே யாராவது ஒரு வேலையை இழுத்தடித்தால், "என்னா, புனிதவதி ஒரம் போடுதா?" என்று கேட்பார்கள். அக்காவின் காதுபடவே கேட்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. தோட்டத்து நாற்றுமேடையில் வேலை. கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பிக் கன்று நட வேண்டும். பையின் வாயில் இரண்டு விரல் இடம் விடச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா ஒவ்வொரு பையிலும் இரண்டு விரலை வைத்துப் பார்ப்பார். இனிப்பு நீர் நோய் வந்தபோது கிளினிக்கில் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். மறுநாள் மாலையிலிருந்து பந்து விளையாடும் திடலைச் சுற்ற ஆரம்பித்தார், கையில் அலாரக் கடிகாரத்தோடு. மணி அடித்ததும் எந்த மூலையில் இருந்தாலும் நின்றுவிடுவார். அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பி நடப்பது கணக்கில் சேருமா என்று அடுத்த முறை கிளினிக்கில் கேட்டிருக்கிறார். தாதிக்குப் பதில் தெரியவில்லை.

இப்படிப்பட்டவரின் கைக்கு நான் எழுதிய புத்தகம் போய்ச் சேர்ந்தது.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். கணினித் துறை. இரண்டு வருடமாகிறது. வேலைக்கு அனுப்பிய விண்ணப்பங்கள் நூறைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கேட்பவர்களிடம் சும்மா இருக்கிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால், 'ஏழாங்கட்டை மக்களுக்கான கணினிக் கையேடு' என்று ஒன்றை எழுதத் தொடங்கினேன். ஒன்பது அத்தியாயம். மக்களுக்காக எழுதுகிறேன் என்றுதான் நம்பினேன். ஆனால் முதல் அத்தியாயம் முடிவதற்குள் என் சுயவிவரக் குறிப்பில் 'தோட்ட மக்களுக்கான கணினிக் கல்வி முயற்சி' என்ற வரி ஏறிவிட்டது. அதற்குக் கீழே 'வாசகர் கருத்துகளின் அடிப்படையில் உருவாக்கப்பட்டது' என்று இன்னொரு வரியும் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. அதற்கு வாசகர்கள் தேவைப்பட்டார்கள்.

கோயில் வாட்சாப் குழுவில் நூற்று எண்பத்தேழு பேர் இருந்தார்கள். செய்தித்தாள் தமிழில் அதற்குப் புலனம் என்று பெயர். கையேட்டிலும் முதலில் அப்படித்தான் எழுதியிருந்தேன், அம்மா படித்துவிட்டு "யாருடா இது புலனம்?" என்று கேட்கும்வரை.

முன்னோட்டமாக இரண்டாம் அத்தியாயத்தை மட்டும் குழுவில் போட்டேன். கடவுச்சொல் பற்றியது. பிள்ளையின் பெயரையும் பிறந்த தேதியையும் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள். மறக்க முடியாத ஒரு வாக்கியத்தை எடுத்து, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். எண்களை அப்படியே விடுங்கள். எங்கும் எழுதி வைக்காதீர்கள். யாரிடமும் சொல்லாதீர்கள், இந்தக் கையேட்டை எழுதியவரே வந்து கேட்டாலும் சொல்லாதீர்கள். கடைசி வரியை எழுதிவிட்டு நானே ரசித்தேன். பிறகு, 'இன்றே மாற்றுங்கள். கீழே உள்ளபடி அமையுங்கள்' என்று போட்டு ஓர் உதாரணம் கொடுத்தேன்:

'என் அப்பா 5 மணிக்குப் பெரட்டுக்குப் போனார், நான் 4 வருடம் பல்கலைக்கழகம் போனேன்.'

பெரட்டு என்பது விடியும் முன் தோட்டத்து ஆபீஸ் வாசலில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவது. அப்பா முப்பத்தொரு வருடம் அந்த வரிசையில் நின்றார்.

ஒரு நிமிடத்துக்குள் இருபத்து மூன்று கும்பிடு கைகள் வந்தன. பன்னிரண்டு பக்கத்தை ஒரு நிமிடத்தில் படிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்; இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது. அன்று மாலை கோயில் செயலாளர் தேவதாஸ் ஐயா எழுதினார்: "தம்பி கோகிலன், முயற்சி பாராட்டுக்குரியது. ஆனால் 'என் அப்பா 5 மணிக்குப் பெரட்டுக்குப் போனார், நான் 4 வருடம் பல்கலைக்கழகம் போனேன்' என்ற வாக்கியம் கணினிப் புத்தகத்துக்குத் தேவையா? இன்னும் எத்தனை காலம் பெரட்டையே பேசிக்கொண்டிருப்பது? நாகரிகமான உதாரணம் கொடுக்கவும்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. அந்த அத்தியாயத்தை வேலை விண்ணப்பங்களோடும் இணைக்க நினைத்திருந்தேன். நேர்முகத் தேர்வில் யாராவது பெரட்டு என்றால் என்ன என்று கேட்டால் எப்படி விளக்குவது என்ற கவலை எனக்கும் இருந்தது. மறுநாள் காலையில் பழையதைக் குழுவிலிருந்து அழித்தேன். என் கணினியிலும் அதன் மேலேயே திருத்தி எழுதினேன். புதிய உதாரணம்: 'நான் 2023-ஆம் ஆண்டு பட்டமளிப்பு விழாவில் 3-ஆவது வரிசையில் அமர்ந்திருந்தேன்.' தேவதாஸ் ஐயா கட்டைவிரலை உயர்த்தினார். வாசகர் கருத்தின் அடிப்படையில் என்ற வரி இப்போது பொய்யில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, ஒன்பது அத்தியாயங்களின் தலைப்புகளையும் போட்டு வாக்கெடுப்பு வைத்தேன். 'எந்தப் பகுதியை முதலில் பகிரலாம்? உங்கள் ஓட்டைப் போடுங்கள். வெள்ளிக்கிழமை பகிரப்படும்.' உண்மையில் ஏழு அத்தியாயம்தான் எழுதியிருந்தேன். ஒன்பதாவதும், 'தவறு நேர்ந்தால் என்ன செய்வது' என்ற ஐந்தாவதும் வெறும் தலைப்புகள். ஐந்தாவதை யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். தனக்குத் தவறு நேரும் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்?

மொத்தம் முப்பத்தோரு ஓட்டு. படங்களை அழகுபடுத்தி வாழ்த்து அட்டை செய்வது எப்படி என்ற ஏழாம் அத்தியாயத்துக்கு இருபத்தாறு. முதல் அத்தியாயத்துக்கு நான்கு. அதில் ஒன்று நான், ஒன்று அம்மா. ஐந்தாம் அத்தியாயத்துக்கு ஒன்று. பேரைத் தொட்டுப் பார்த்தேன். புனிதவதி அக்கா. விரல் தவறிப் பட்டிருக்கும் என்று முடிவு செய்தேன். தவறு பற்றிய அத்தியாயத்தைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை பகல் ஏழாம் அத்தியாயத்தைப் பகிர்ந்தேன். இரண்டரை மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அக்காவின் கணவர், செல்லன் அண்ணன்.

"டேய் பட்டதாரி! ஏறு!"

"என்னாண்ணே?"

"ஒங்கக்கா காலையிலேர்ந்து ஒன் புக்குக்குக் காத்துக்கிட்டு இருக்கா. அரை நாள் லீவு வேற. வந்துச்சா வந்துச்சான்னு போன தேய்ச்சி தேய்ச்சி வெரலு போச்சு. கடைசில பார்த்தா, பூப்போட்ட கார்டு செய்யறது எப்படின்னு போட்டிருக்க."

"அதுக்குத்தாண்ணே ஓட்டு அதிகம்."

"ஓட்டாம் ஓட்டு. ஏறு லா மொதல்ல!"

போகும் வழியில் விஷயத்தைச் சொன்னார். லயத்தை இடிக்கப் போகிறார்கள். ஜெராம் சாலையில் எழுபது வீடுகள் கட்டியிருக்கிறார்கள். தோட்டத்துப் பட்டியலில் அக்காவின் பெயர் இருக்கிறது. மின்னஞ்சலைத் திறந்து, அதில் வந்திருக்கும் கடிதத்தில் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் வீடு பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். திங்கட்கிழமை தபாலில் தகவல் வந்தது. மின்னஞ்சல்தான் திறக்கவில்லை.

"திங்கக்கெழமையே என்னைக் கூப்ட்டிருக்கலாமே அண்ணே?"

"நான் சொல்லலன்னு நெனைக்கிறியா? 'தம்பி வெள்ளிக்கெழம போடறேன்னு எழுதியிருக்கு. நான் ஓட்டும் போட்டுட்டேன். அதுல வரும், பொறு'ங்கறா. ஆபீசுக்கே நேரா போயிடலாம் வான்னா, நேர்ல வர வேணாம்னு கடுதாசில போட்டிருக்காம்."

லோரிதான் சத்தம் போட்டுக்கொண்டு வந்தது.

அக்கா மேசையருகே உட்கார்ந்திருந்தார். கைப்பேசி, பிளாஸ்டிக் உறையில் போட்ட கடிதம், திடலுக்கு எடுத்துப் போகும் அதே அலாரக் கடிகாரம், மூன்றும் வரிசையாக இருந்தன.

"வாங்க தம்பி, ஒக்காருங்க."

சின்ன வயதில் என்னை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவார். பட்டம் வாங்கிய அன்றிலிருந்து 'வாங்க, போங்க'. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். படித்தவர்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று எங்கேயோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். செல்லன் அண்ணனுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நடந்தது இதுதான். அக்காவின் பழைய கைப்பேசி இரண்டு வாரத்துக்கு முன் நாற்றுமேடைத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்தது. ரவாங்கில் வேலை செய்யும் மகள் ஷாமளா புதிது வாங்கிக் கொடுத்தாள். பழையதில் மின்னஞ்சல் எப்போதும் திறந்தே கிடந்தது. புதியது கடவுச்சொல் கேட்கிறது. மீட்பதற்கு வரும் இரகசிய எண் ஷாமளா படிக்கும் காலத்தில் வைத்திருந்த நம்பருக்குப் போகிறது. அந்த நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறதோ.

"கடவுச்சொல் மறந்துபோச்சா அக்கா?"

"மறக்கல தம்பி. போட்டா ஏத்துக்க மாட்டேங்குது."

எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள் என்று பல்கலைக்கழகத்தில் படித்திருக்கிறேன். பொறுமையாகப் புன்னகைத்தேன்.

"ரெண்டு தடவ போட்டுப் பார்த்தேன். தப்புங்குது. புக்க பார்த்துதான் போட்டேன், புக்கு தப்பா இருக்காது. நான்தான் என்னமோ கோளாறு பண்றேன்."

"என்னா போட்டீங்கன்னு சொல்லுங்க, நான் பார்க்கறேன்."

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சொல்லக் கூடாதுல்ல?"

"என்கிட்டதானே அக்கா."

"எழுதுனவரே கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க."

செல்லன் அண்ணன் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சத்தமாகச் சிரித்தார். "அனுபவி டா மவனே. இருபத்திரண்டு வருசமா நான் அனுபவிக்கறேன்."

மணி மூன்று பத்து. சரி, வேறு வழியில் போகலாம் என்று நினைத்தேன். வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றி ஞாபகம் வைத்திருக்கிறார், அவ்வளவுதான். கடவுச்சொல்லைக் கேட்க வேண்டாம். மறக்க முடியாத வாக்கியங்கள் என்னென்ன என்று கேட்டால் நானே கண்டுபிடித்துவிடுவேன். கணினி படித்தவன் இல்லையா.

"கடவுச்சொல்ல விடுங்க. ஒங்க வாழ்க்கையில மறக்க முடியாதது என்னா? வருசம், நம்பரு ஏதாவது இருந்தா அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

கணக்கெடுக்க வந்த அரசாங்க ஆளுக்குப் பதில் சொல்வது போல அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எண்பத்தேழுல அம்மா காண்டாக் கம்புல தொங்கற வாளியோட வழுக்கி விழுந்தாங்க. ரப்பர் காலம். ரெண்டு வாளிப் பாலும் போச்சு. இடுப்பு அடி. ஆனா பால் போச்சேன்னுதான் அழுதாங்க."

முதல் எழுத்துகளை எடுத்துப் போட்டேன். தவறு.

"வேற?"

"ஷாமளா பொறந்தப்ப ரெண்டு கிலோ ஒன்னுதான் இருந்தா. மூனு மணி நேரத்துக்கு ஒரு தடவ பால் குடுக்கச் சொன்னாங்க. எழுப்பி எழுப்பிக் குடுத்தேன்."

"கல்யாணத்த சொல்லு," என்றார் அண்ணன். "ஐயரு தலைய குனிஞ்சிக்கன்னாரு. நிமிருன்னு சொல்ல மறந்துட்டாரு மனுசன். சாப்பாட்டுப் பந்தியிலதான் டா என் மூஞ்சியவே பார்த்தா."

"பார்த்துட்டு மறுபடியும் குனிஞ்சிக்கிட்டேன்," என்றார் அக்கா. கல்யாணக் கதையில் எண் எதுவும் இல்லாததால், ஷாமளாவின் எடையைப் போட்டேன். தவறு.

"இன்னும் யோசிங்க அக்கா. ரொம்ப முக்கியமானது."

கொஞ்ச நேரம் கடிதத்தின் பிளாஸ்டிக் உறையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தொண்ணூத்து ரெண்டுல மூனாம் படிவப் பரீட்சை. தோட்டத்து முச்சந்தியில நில்லுங்க, பஸ் வந்து ஏத்திக்கும், வேற எங்கயும் போயிடாதீங்கன்னு டீச்சர் சொன்னாங்க. ஆறு பேர் நின்னோம். பஸ் வரல. ஒரு மணல் லோரி வந்துச்சு. அஞ்சு பேரும் ஏறிட்டாங்க, வா வான்னு கத்துனாங்க. எங்கயும் போயிடாதன்னு சொல்லியிருக்காங்களேன்னு நான் நின்னேன். பத்து மணி வரைக்கும் நின்னேன். அப்புறம் வீட்டுக்கு வந்துட்டேன். அடுத்த வாரம் பேரு குடுத்து ஒரம் போடப் போயிட்டேன்."

"டீச்சர் அப்புறம் என்னா சொன்னாங்க?"

"லோரியில வந்திருக்கலாமேன்னாங்க."

இதைச் சொன்னபோது அவர் குரலில் ஒன்றும் இல்லை. பஸ் கம்பெனி மேல் கோபமில்லை, டீச்சர் மேலும் இல்லை. நான் அந்தச் சமயத்தில் என்ன செய்தேன் என்றால், 1992, பஸ், வரவில்லை என்று எழுத்துகளைக் கோத்துக்கொண்டிருந்தேன். உள்ளிட்டேன். தவறு. இன்னும் ஒரு முறை தவறினால் ஒரு நாளைக்குக் கணக்கு மூடப்படும் என்று சிவப்பில் ஒரு வரி வந்தது. மணி நான்கு பத்து.

செல்லன் அண்ணன் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். "டேய். அவளுக்கு எழுதுனவரு உத்தரவு வேணும். நீயே எழுதுன, நீயே அத மாத்து."

"அக்கா, அந்த விதிய நான் மாத்தறேன். இப்ப சொல்லலாம்."

"வாயால சொன்னா ஆச்சா? எழுத்துல இருக்கே."

என் கைப்பேசியை எடுத்து, 'அவசர நேரத்தில் எழுதியவரிடம் மட்டும் சொல்லலாம். திருத்தம்: கோகிலன்' என்று எழுதி அவருக்கு அனுப்பினேன். மேசையில் இருந்த கைப்பேசி அதிர்ந்தது. அக்கா திறந்து, உதடசையப் படித்து, திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு குழுவில் கிடந்த என் இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

'நான் 2023-ஆம் ஆண்டு பட்டமளிப்பு விழாவில் 3-ஆவது வரிசையில் அமர்ந்திருந்தேன்.'

"இதுவா அக்கா ஒங்க கடவுச்சொல்?"

"கீழே உள்ளபடி அமையுங்கள்னு போட்டிருந்துச்சு. அப்படியே அமைச்சேன். எங்கயும் எழுதி வைக்கக் கூடாதுன்னும் போட்டிருந்துச்சா, எழுதல. புக்குலதான் இருக்கேன்னு நெனச்சேன்."

"எப்ப அமைச்சீங்க?"

"நீங்க போட்ட அன்னைக்கேதான். இன்றே மாற்றுங்கள்னு போட்டிருந்தீங்களே. வேலை முடிஞ்சி வந்து, குளிச்சிட்டு ஒக்கார்ந்தேன்."

நூற்று எண்பத்தேழு பேரில் ஒருவர், நான் சொன்னதை, நான் சொன்ன அன்றே, நான் சொன்னபடியே செய்திருக்கிறார். மறுநாள் காலையில் அதை நான் அழித்திருக்கிறேன். பெரட்டு நாகரிகமில்லை என்று எடுத்துவிட்டு, என் மூன்றாவது வரிசையை வைத்திருக்கிறேன். அக்கா அதைப் பார்த்துப் பார்த்து இரண்டு முறை போட்டிருக்கிறார்.

"அக்கா, அன்னைக்கு இருந்தது இது இல்ல. நான் மாத்திட்டேன்."

"மாத்திட்டீங்களா?"

"பெரட்டுன்னு ஒன்னு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஆமா, பெரட்டு. அப்பவே எனக்குச் சந்தேகம். இதுல பெரட்டக் காணமேன்னு. புக்குல இல்லன்னா நான்தான் கனா கண்டிருப்பேன்னு விட்டுட்டேன். அந்தச் சொல்லு எனக்குத் தெரியும்ங்கறதாலதானே அன்னைக்கே ஒக்கார்ந்து செஞ்சேன்."

ஆனால் வாக்கியம் எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. நான் எழுதியதுதான், ஐந்து மணியா, ஐந்தரையா? எழுந்து போனாரா, வெறுமனே போனாரா? மிச்சமிருப்பது ஒரு முயற்சி. அப்பாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா, பெரட்டு எத்தன மணிக்கு?"

"அஞ்சே முக்காலுக்குடா. ஏன், வேலை கெடச்சிருச்சா?"

புத்தகத்தில் நிச்சயமாக ஐந்தே முக்கால் இல்லை. அதாவது, அதையும் கேட்காமல்தான் எழுதியிருக்கிறேன்.

அப்போதுதான் தேவதாஸ் ஐயா ஞாபகத்துக்கு வந்தார். குழுவைத் திறந்து மேலே தள்ளினேன். மூன்று வாரத்துக் காலை வணக்கங்கள், ரோஜாப்பூக்கள், வெள்ளிக்கிழமை அம்மன் படங்கள், யாருடைய பேரனுக்கோ பிறந்த நாள், காணாமல் போன ஒரு நாய், மறுபடியும் ரோஜாப்பூக்கள். எல்லாவற்றுக்கும் முன்னே அவருடைய ஆட்சேபம் அப்படியே கிடந்தது, மேற்கோள் குறியோடு, ஒரு சொல்கூடக் குறையாமல். என் புத்தகத்தின் முதல் பதிப்பில் உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். வேண்டாம் என்று சொன்னவர் காப்பாற்றி வைத்திருந்தார்.

அக்காவே உள்ளிட்டார். ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தாக. திறந்தது. படிக்காத கடிதங்கள் இருநூற்றுப் பதினான்கு. நமக்கு வேண்டியது மேலிருந்து நான்காவது. மணி நான்கு முப்பத்தெட்டு.

"அந்தப் பச்சைக் கட்டத்த அமுக்குங்க அக்கா."

"இருங்க. முழுதும் படித்த பின் அழுத்தவும்னு போட்டிருக்கு."

நான்கு பக்கம், மலாயில். அக்கா விரலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்திப் படித்தார். செல்லன் அண்ணன் வாசலுக்குப் போய் லோரி டயரை உதைத்துவிட்டு வந்தார். நான்கு நாற்பத்தைந்து. நான்கு ஐம்பது. இரண்டாம் பக்கத்தில் புரியாத ஒரு சொல்லுக்கு என்னிடம் பொருள் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. "அடியே, வீடு போயிடும் டி!" என்று அண்ணன் கத்தியபோது, "படிக்காம அமுக்குனா மட்டும் நெலைக்குமா?" என்று தலை நிமிராமலே சொன்னார். நான்கு ஐம்பத்தாறுக்குக் கட்டத்தை அழுத்தினார். 'நன்றி. உங்கள் சம்மதம் பதிவு செய்யப்பட்டது' என்று மலாயில் ஒரு வரி வந்தது. அதையும் இரண்டு முறை படித்தார்.

அலாரக் கடிகாரம் அடித்தது. ஐந்து மணிக்கு வைத்திருந்திருக்கிறார்.

பிறகு மைலோ கலக்கிக் கொடுத்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்:

"தம்பி, அந்த அஞ்சாம் அத்தியாயம் எப்ப போடுவீங்க? தவறு நேர்ந்தா என்னா செய்யறதுன்னு. அது இருந்திருந்தா ஒங்களுக்கு இவ்வளவு சிரமம் வந்திருக்காது."

பொய் சொல்லியிருக்கலாம். வேலைக்கான கடிதங்களில் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன்.

"அத இன்னும் எழுதலக்கா. தலைப்பு மட்டும்தான்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"எழுதலயா? எழுதாததுக்கா டா ஓட்டு கேட்ட?"

பட்டம் வாங்கிய பிறகு முதல் தடவையாக அவர் என்னை 'டா' என்றார். செல்லன் அண்ணன் மகிழ்ச்சியாகத் தொடையைத் தட்டினார். எனக்கு அவமானமாக இருந்தது. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"நாலு நாளா அதுக்குக் காத்துக்கிட்டு இருந்தேன்," என்றார். அதுவும் முச்சந்திக் கதையைச் சொன்ன அதே குரல்தான். நான் மைலோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது நிறுத்தினார். "இருங்க. பிறர் அறிந்துவிட்டால் உடனே மாற்றவும்னு பதினோராம் பக்கத்துல இருக்கு. நீங்க அறிஞ்சிட்டீங்க. இவரும் அறிஞ்சிட்டாரு. அந்தப் பக்கம் திரும்புங்க ரெண்டு பேரும்."

நானும் செல்லன் அண்ணனும் சுவரைப் பார்த்து நின்றோம். "பெரட்டுல நிக்கற மாரி இருக்கு டா," என்று அவர் கிசுகிசுத்தார். சுவரில் கோயில் நாட்காட்டி தொங்கியது. நாற்றுமேடைக்குப் போன நாட்களில் சிறிய கோடு போட்டிருந்தது. இன்றைக்கு அரைக் கோடு.

புதுக் கைப்பேசியில் எழுத்தைத் தொட்டால் டொக் என்று ஒரு சத்தம் வரும். அதை எப்படி நிறுத்துவது என்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். அது இன்னும் பகிரப்படவில்லை. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். பதினான்கு. உறுதிப்படுத்துவதற்காக மறுபடியும் பதினான்கு.

லோரியில் திரும்பும்போது மனத்துக்குள் போட்டுப் பார்த்தேன். அம்மா வழுக்கி விழுந்தது பதினான்கு வராது. ஷாமளாவின் எடை வராது. பஸ் வராத கதையையும் எப்படிச் சுற்றி எழுதினாலும் வரவில்லை. அவ்வளவு நேரம் கேட்டு, அவ்வளவையும் அவர் சொல்லி, நான் அறியாத ஏதோ ஒன்று பதினான்கு எழுத்தில் அந்தக் கைப்பேசிக்குள் இருக்கிறது.

"என்னா டா முணுமுணுக்கற?" என்றார் செல்லன் அண்ணன்.

"ஒன்னுமில்லண்ணே."